மாடிக்குப் போன சித்தப்பா

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றாம் மாடி டயாலிசிஸ் வார்டில் இருந்தவர்கள்: ஒன்றாம் கட்டிலில் காஜா மைதீன், பரோட்டாக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வருகிறவர், இரண்டாம் கட்டிலில் வேலம்மாள், ஊசி ஏறியதும் தூங்கி, ஊசியை எடுக்கும்போது விழிக்கிறவள், மூன்றாம் கட்டிலில் சிவசைலம், நான்காம் கட்டிலில் புதிதாக ஒருவர், பெயர் தெரியவில்லை, பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி, ஐந்தாம் கட்டிலில் கல்லூரியைப் பாதியில் நிறுத்திய சுடலைமுத்து, காதில் எந்நேரமும் ஒயர், இவர்களோடு ஜெனிபா சிஸ்டர், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிராஜ். ஆறாம் கட்டிலின் மெஷின் பழுது, அதன்மேல் போர்வைகளை அடுக்கியிருந்தார்கள். ஆக எட்டுப் பேர். சிவசைலம் தலையணையில் தலையை வைத்தபடி இரண்டு முறை எண்ணினார். எட்டு சரியாகத்தான் வந்தது. ஆனால் நான்காம் கட்டிலில் இருக்க வேண்டியவள் மரிய புஷ்பம்.

இசக்கிராஜ் இடக்கையில் ஊசி குத்தும்போது அவர் முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொள்வது வழக்கம், திருப்பினால் அங்கே புஷ்பத்தின் முகம் இருக்கும், பாக்காதீய அண்ணாச்சி, கட்டெறும்புன்னு நினைங்க என்பாள், அதைக் கேட்பதற்காகவே திருப்புகிறோமோ என்று கூட அவருக்குச் சில நாள் தோன்றியிருக்கிறது. இன்று திருப்பினால் வெடித்த குதிகாலோடு ஓர் ஆணின் பாதம். அவள் ஜெபமாலையைத் தொங்கவிடுகிற கம்பியில் ஒரு துணிக்கடைப் பை. ஊசி கட்டெறும்பாக இல்லை, ஊசியாகவே இருந்தது. குழாயில் ரத்தம் ஏறி மெஷினுக்குள் போய்ச் சுற்றத் தொடங்கியது. கேட்டுவிடலாமா? கேட்கக் கூடாது. இந்த வார்டில் யாரும் எழுதி ஒட்டாத சட்டம் அது, ஒரு கட்டில் மாறியிருந்தால் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் மீதி நான்கு மணி நேரமும் அதோடு படுத்துக் கிடக்க வேண்டும், எழுந்து போகவும் முடியாது, கை கட்டியிருக்கிறது. முன்பு தாழையூத்துக்காரர் ஒருவர் வராமல் போனபோது சுடலைமுத்து தெரியாமல் கேட்டுவிட்டான், ஜெனிபா சிஸ்டர் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள், அன்றைக்கு வேலம்மாள்கூடத் தூங்கவில்லை. அதற்கப்புறம்தான் காஜா மைதீன் அந்த வார்த்தையைக் கொண்டுவந்தார். ஆள் எங்க என்று கேட்காதீங்கப்பா, மாடிக்குப் போயிட்டாருன்னு வச்சுக்கிடுவோம்.

மாடிக்குப் போனது 'பவள வீடு' தொடரில் வருகிற சித்தப்பா. மதியம் இரண்டரைக்கு வார்டு டி.வி.யில் ஓடுகிற தொடர். தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு மருமகள்கள், ஒரு மாமியார், விற்கப் போகிற ஒரு வீடு, அந்த வீட்டின் கணக்கைப் பார்க்கிற, அதிகம் பேசாத ஒரு சித்தப்பா. ஒருநாள் அந்தச் சித்தப்பா பீரோச் சாவியை எடுத்துட்டு வாரேன் என்று மாடிப்படி ஏறினார். அவ்வளவுதான். இறங்கி வரவில்லை. செத்தார் என்று படத்துக்கு மாலை போடவில்லை, ஊருக்குப் போனார் என்று ஒரு வார்த்தை இல்லை, இவருக்குப் பதில் இவர் என்று கீழே எழுத்துப் போட்டு வேறொருவரைக் காட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும், அதுவும் இல்லை. அந்த வீட்டில் ஒருத்தரும் சித்தப்பா எங்கே என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் பீரோ திறந்திருந்தது. எந்தச் சாவியால் திறந்தார்கள்? சிவசைலத்துக்கு அது பல நாள் உறுத்தியது. சாவி மாடியில், ஆள் மாடியில், பீரோ எப்படித் திறக்கும். சம்பளத் தகராறில் அந்த நடிகரை நிறுத்தியிருப்பாங்க அண்ணாச்சி, இதெல்லாம் நோண்டக் கூடாது என்று காஜா மைதீன் சிரித்தார். பிறகு கதையில் லாரி வந்து மோதியது, மூத்த மருமகளுக்கு ஞாபகம் போயிற்று, ஒரு கல்யாணம் ஒரு மாதம் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் காஜா மைதீனிடம் ஒரு பெயர் இருந்தது. லாரி மோதியாச்சு என்றால் கதைக்கு முதல் காய்ச்சல். கல்யாணம் இழுக்குது என்றால் படுத்த படுக்கை. கடைசியா ஒன்னு வரும் பாருங்க, பாம்பு. குடும்பக் கதையில பாம்பு வந்துட்டுன்னா முடிஞ்சுட்டுன்னு அர்த்தம், அதுக்கு மேல ஓடுததெல்லாம் நம்மள மாதிரி மெஷின்ல ஓடுதது. சுடலைமுத்துகூட ஒயரைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

புஷ்பம் மட்டும் அவர் வார்த்தைகளைச் சொல்ல மாட்டாள். மார்க்கெட்டுக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்தவள், அவளுக்கென்று தனி வார்த்தை இருந்தது. பொங்கி இறங்கிட்டு அண்ணாச்சி, அவ்வளவுதான், என்பாள். மாவு பொங்கி நிக்கும்போது மூடியைத் தூக்கும், பாக்கவே ஆசையா இருக்கும். அப்பவே தட்டுல ஊத்திரணும். கொஞ்சம் அசந்தோம்னா தன்னால இறங்கிரும். என்ன செஞ்சாலும் மறுபடி ஏறாது. இறங்கின மாவை என்ன செய்வீங்க என்று சிவசைலம் ஒருநாள் கேட்டுவிட்டார், அவராகக் கேட்ட மிகச் சில கேள்விகளில் ஒன்று. இட்லி வராது, வெங்காயத்தை வெட்டிப் போட்டு ஊத்தாப்பமா ஊத்த வேண்டியதுதான், அதுக்குன்னே சாயங்காலம் வாரவுக உண்டு என்றாள். சொல்லிவிட்டு நாக்கை நீட்டி உதட்டை நனைத்துக்கொண்டாள். தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு அடக்கம் போதாது. அவர் ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அதிலும் மாத்திரைக்கு முக்கால், வாயில் வைத்து நாக்கை நனைத்து மெல்ல விடுவார், இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்ததே இல்லை. அவள் எடை மெஷினில் ஏறினால் சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வாள். மூணரை கிலோவா, என்னம்மா குடிச்சீங்க? ரசந்தான் சிஸ்டர், ரசம் குடிச்சா போலீஸ்ல புடிச்சுக் குடுப்பியளா? மூன்றரை கிலோ. அப்படித் தண்ணீர் ஏறினால் நெஞ்சுக்குள் போய்விடும், படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே விடிய வேண்டியிருக்கும். ஞாயிறு, திங்கள். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு நாள்தான் ஆபத்தான நாள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அவள் தனியாக இருக்கிறாள். கதவைத் தட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்.

வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். அவர் இடக்கையைப் பார்த்தார். ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைச் சேர்த்த இடம் தோலுக்கடியில் கர்ர் என்று அதிர்ந்துகொண்டே இருக்கும், வீட்டில் அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் காதில் கேட்கும், தூரத்து ரைஸ்மில் மாதிரி. மனைவி சொர்ணம் போன பிறகு வீட்டில் கேட்கிற சத்தம் அதுதான். மகன் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பிய டி.வி. மேல் துணி போட்டு வைத்திருந்தார். திங்கள், புதன், வெள்ளியில் 'பவள வீடு' அதிலும் ஓடும், பித்தானை அழுத்தினால் போதும், அவர் அழுத்துவதில்லை. அழுத்தாமல் இருந்தால் மறுநாள் இங்கே வந்து படுத்ததும் நேத்து என்னாச்சு தெரியுமா அண்ணாச்சி என்று புஷ்பம் தொடங்குவாள். ஊசி குத்தியதிலிருந்து இரண்டரை மணிவரை ஓடும் அந்தக் கதை. மாமியார் எப்படிக் கழுத்தை வெட்டித் திரும்பினாள், இளையவள் என்ன புடவை, எல்லாம் வரும். அவர் ம் என்பார். அந்த ம் போதும் அவளுக்கு. பீடிக் கம்பெனியில் இருந்த காலம் முழுக்க அவர் பெண்களிடம் பேசியது இதைவிடக் குறைவு. சுற்றிக் கொண்டுவருகிற பீடியை எண்ணி வாங்குவது அவர் வேலை, இருபத்தைந்து ஒரு கட்டு, கட்டுக்குள் சேராமல் மிஞ்சுகிற ஒன்றிரண்டை மற்றக் கணக்கப்பிள்ளைகள் மேசைக்கடியில் தள்ளிவிடுவார்கள், இவர் காகிதத்தில் மடித்து அவளவளிடமே திருப்பிக் கொடுப்பார். மீதி மூணு. மீதி ஒண்ணு. அதற்கு மேல் என்ன பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததில்லை. புஷ்பத்தை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதையே அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் முதல் நாளே அண்ணாச்சி என்றுவிட்டாள். இவர் தங்கச்சி என்றால் நாடகம் மாதிரி இருக்கிறது. ஏம்மா என்றால் கடையில் வரிசையில் நிற்கிறவளைக் கூப்பிட்டது போல. காஜா மைதீன் எடுத்த எடுப்பில் மைனி மைனி என்பார், அவர் வாய்க்கு அது வரும். இவர் எதுவும் சொல்லாமல் தொண்டையைச் செருமுவார், அவள் திரும்புவாள். இத்தனை நாள் ஒரு செருமலில் ஓடிவிட்டது.

சனிக்கிழமையை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவும். சனிக்கிழமை அவள் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நேத்து என்னாச்சு தெரியுமா அண்ணாச்சி, மாடிப்படிக் கைப்பிடியில ஒரு கை தெரிஞ்சிச்சு. வெறும் கைதான். மோதிரம் போட்ட கை. நம்ம சித்தப்பா கை! ஒவ்வொரு படியா இறங்குதாரு, இன்னும் மூஞ்சியக் காட்டல, இடுப்புல சாவிக்கொத்து சலங் சலங்னு. சிவசைலத்துக்கு உடம்பு சிலிர்த்தது, மெஷின் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். அப்போதுதான் ஒன்றாம் கட்டிலிலிருந்து காஜா மைதீன், ஏ மைனி, நானும் நேத்து பாத்தேன், எந்தச் சித்தப்பா வந்தாரு? பூரா ஆஸ்பத்திரி சீன்தான் ஓடிச்சு. வேற சேனல் பாத்தியளா? என்றார். சுடலைமுத்து ஒயரைக் கழற்றினான், ஆமா பாட்டி, வரலையே. அவள் முகம் சுண்டிப்போயிற்று. சிரிக்கப் பார்த்தாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, வந்தாரா இல்லையா என்றாள். அந்தக் குரலில் வேறெதுவோ இருந்தது, அது கெஞ்சல் என்பது அவருக்கு அன்று பஸ்ஸில் போகும்போதுதான் தைத்தது. அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், தான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. நான் பாக்கலையே என்றார். சரியான பதில். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டி.வி.யில் சனிக்கிழமைக் கதை வந்தது, பூஜை அறையில் தாலிக்கு மேல் ஒரு பாம்பு படமெடுத்து நின்றது, காஜா மைதீன் கையைத் தட்ட முடியாமல் காலைத் தட்டினார், வந்துட்டுப்பா பாம்பு! அவள் திரும்பாமலே, ஆமா, பாம்பு வந்தாச்சு, என்றாள். அவள் அவர் வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. போகும்போது வாரேன் அண்ணாச்சி என்று சொல்லவில்லை. அதுதான் கடைசி வார்த்தையாக இருந்துவிட்டால்? அவளிடம் நாம் சொன்ன கடைசி வார்த்தை, நான் பாக்கலையே.

நேற்று, திங்கட்கிழமை, அவர் டி.வி.யின் துணியை எடுத்தார். இரண்டரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து, விளம்பரம் உட்பட ஒன்றையும் விடாமல் பார்த்தார். பாம்பு வந்தது, பால் குடித்தது, மருமகளைப் பார்த்துக் கண்ணீர் விட்டது. மாடிப்படியைக் காட்டவே இல்லை. அப்படியென்றால் எத்தனை நாளாக அவளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்? மாமியார் பழைய பெட்டியிலிருந்து சொர்ணத்தின் புடவை மாதிரியே ஒரு அரக்குப் புடவையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாளே, அது? இளையவள் மொட்டைமாடியில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டே வீட்டை விற்க மாட்டேன் என்றாளே, அது? அதெல்லாம் தொடரிலே இருந்திருக்காது. தொடர் இறங்க இறங்க அவள் இந்தப் பக்கம் இருந்து ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். யாருக்காக? வேலம்மாள் தூக்கம். சுடலைமுத்துவுக்குக் காதில் ஒயர். கேட்டது ஒருத்தர்தான். இது புரிந்தபோது அவர் டி.வி.யை அணைத்துவிட்டு, அன்றைய மூன்றாவது டம்ளரை நேரத்துக்கு முன்பே குடித்தார். இன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வந்தாரு. நேத்து நானும் பாத்தேன். சாவிக்கொத்தோட வந்தாரு. பக்கத்து சீட்டுக்காரர் என்ன பெரியவரே என்றார், ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அறுபத்தெட்டு வயதில் ஒரு பொய்யைப் பழகிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தால், நான்காம் கட்டிலில் வெடித்த குதிகால்.

டி.வி.யில் 'பவள வீடு' பாட்டு தொடங்கியது. இசக்கிராஜ் சத்தத்தைக் கூட்டினான். அவருக்குப் பாட்டு தூரமாகக் கேட்டது, பிறகு இன்னும் தூரமாக, கொட்டாவி வந்தது, விளக்கைச் சுற்றி மஞ்சள், காது அடைத்தது, பிரஷர் இறங்குகிறது என்று ஒரு மூலையில் தெரிந்தது, சொல்ல வாய் வரவில்லை. படிகள். ஒவ்வொன்றாகத்தான் ஏறினார், கையில் சாவி, கீழே எல்லாரும் காபி குடிக்கிறார்கள், சத்தம் கேட்கிறது, மேலே போனால் ஒரு நீளமான அறை, ஆறு கட்டில், எல்லாவற்றிலும் மடித்த போர்வை. ஜன்னலோரம் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். யாரும் அளக்கவில்லை. குடிக்கலாம். குடித்துவிட்டு இங்கேயே இருந்துவிடலாம், கீழே யாரும் கேட்கப் போவதில்லை, பீரோவைத்தான் வேறு எதையாவது வைத்துத் திறந்துவிடுவார்களே. ஐயா, ஐயா, கண்ணைத் திறங்க. கால்பக்கம் கட்டில் உயர்ந்தது. ஜெனிபா சிஸ்டர் கன்னத்தில் தட்டினாள். சொல்ல வேண்டாமா ஐயா, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? சலைன் உள்ளே போகப் போக மஞ்சள் விலகியது. டி.வி.யில் பாம்பு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது.

சிஸ்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு நிமிரும்போது காஜா மைதீன் அந்தப் பக்கத்திலிருந்து, பயந்துட்டேன் அண்ணாச்சி, நீரும் கிளம்பிட்டீரோன்னு, என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனாலும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நாலாம் நம்பர் மைனி மாடிக்குப் போயிட்டாவளா? சிவசைலம் எழப் பார்த்தார், குழாய் இழுபட்டு மெஷின் கத்தியது. சிஸ்டர் சுவிட்சை அமுக்கிக்கொண்டே, வாயக் கழுவும் பாய், அந்தம்மா நல்லா குத்துக்கல்லு மாதிரி இருக்காவ, காலை ஷிஃப்ட்டுக்கு மாறிட்டாவ, இன்னைக்குக் காலைல வந்து ஓட்டிட்டுப் போயாச்சு, என்றாள். எத்தனை கிலோ? என்று சிவசைலம் கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். சிஸ்டர் ஆச்சரியமாகப் பார்த்தாள். நாலு. ஞாயித்துக்கிழமை பாயாசமாம். காஜா மைதீன், ஏன் மாறுனாவளாம்? என்றார். டி.வி. இல்லாத நேரமாக் குடுங்கன்னு கேட்டாவ. காலைல டாக்டர் ரவுண்ட்ஸ், போட மாட்டோம்லா. நான் சும்மா வெளாட்டுக்குத்தானப்பா சொன்னேன், சித்தப்பா வரலைன்னு, என்று காஜா மைதீன் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

இருக்கிறாள். நான்கு கிலோவோடு இருக்கிறாள். மூச்சு சீராக வந்தது, அந்த நிம்மதிக்குள்ளேயே இன்னொன்று மெல்லத் திரும்பிப் படுத்தது. செத்திருந்தால் அவள் நம்மை விட்டுப் போனதாக ஆகாது. உயிரோடு இருந்து போயிருக்கிறாள். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. டி.வி.யை விட்டா, காஜா மைதீனை விட்டா, நான் பாக்கலையே என்கிற வாயை விட்டா? போகட்டும். அவளுக்கு எது சௌகரியமோ. வியாழக்கிழமை வந்து படுத்து, இந்தக் குதிகாலைப் பார்த்துக்கொண்டு, பாம்பைப் பார்த்துக்கொண்டு, திரும்பிப் போய்க் கையைக் காதில் வைத்துப் படுக்கலாம். எத்தனை வியாழக்கிழமை. அப்போது புதியவரின் மனைவி எழுந்து, சிஸ்டர், எங்களுக்கும் அந்தக் காலை நேரம் கெடைக்குமா, மத்தியானம் கடைய யாரு பாக்க? என்றாள். ஒரு கட்டில் இருந்துச்சும்மா, ஆறு மணிக்கெல்லாம் வந்து படுத்திரணும், சாயங்காலத்துக்குள்ள எழுதிருவாவ, சீக்கிரம் சொல்லுங்க. சிவசைலம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கட்டில். அது போய்விட்டால் நல்லது, யோசிக்க ஒன்றும் இருக்காது. போய்விடக் கூடாது. போய்விட்டால் நல்லது. மனைவி புருஷனிடம் குனிந்து என்னவோ பேசினாள், அவர் ஆலங்குளத்துல இருந்து அத்தனை காலைல எவன் வருவான் என்றார், அவள், இவரு எந்திரிச்சுப் பல்லு வெளக்கவே எட்டாயிரும் சிஸ்டர், இந்த நேரமே இருக்கட்டும், என்று உட்கார்ந்துவிட்டாள். இப்போது அந்தக் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் யாரும் இல்லை, அவர் வாய் மட்டும்தான்.

நான்கு மணி நேரமும் முடிந்தது. வேலம்மாள் விழித்தாள். இசக்கிராஜ் ஊசிகளை எடுத்துப் பஞ்சை வைத்தான், சிவசைலம் விரலால் அழுத்திக்கொண்டார். ஜெனிபா சிஸ்டர் எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியோடு வந்தாள். வியாழக்கிழமை இதே நேரந்தான ஐயா? அவர் தலையாட்டுவார், அவள் அடுத்த கட்டிலுக்குப் போவாள், இதுதான் வழக்கம், அவள் ஏற்கனவே பாதி திரும்பிவிட்டாள். அவர் தொண்டையைச் செருமினார். செருமினால் திரும்புகிறவள் இங்கே இல்லை. சிஸ்டர் போய்க்கொண்டிருந்தாள். ஏம்மா, என்றார், சத்தம் பெரிதாக வந்துவிட்டது, எல்லாரும் பார்த்தார்கள். காலைல, அந்தக் கட்டிலு. மதினி இருக்காவள்லா, அந்த நேரம். மதினி. எங்கிருந்தோ வந்து வாயில் நின்றது, சொன்ன பிறகு இதில் என்ன கஷ்டம் இருந்தது என்று தோன்றியது. எனக்கு எழுதணும். சிஸ்டர் அவரையே பார்த்தாள். மொத பஸ்ஸு கெடைக்குமா ஐயா? நடந்துருவேன். காஜா மைதீன் எழுந்து உட்கார்ந்து, போச்சு, அண்ணாச்சியும் மாடிக்கு, இனி நான் யாருட்டப்பா பேச, என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மைனிட்ட சொல்லும், சித்தப்பா வந்தாருன்னு பாய் சொன்னான்னு சொல்லும், என்றார். சிஸ்டர் மேசைக்குப் போய்க் கீழே ஆபீசுக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். சிவசைலம் பஞ்சை அழுத்திக்கொண்டு, விரலுக்கடியில் கர்ர் என்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வந்தாரு மதினி. நானும் பாத்தேன். அப்புறம் அந்தச் சாவிய யாருட்டக் குடுத்தாரு, அதச் சொல்லுங்க. சிஸ்டர் தலையை அசைத்து அசைத்துக் கேட்டாள், சரி சார், சரி சார் என்றாள், போனை வைத்தாள். காலையிலும் ஆறாம் நம்பர் மெஷின் ஓடாது ஐயா, அது போக அஞ்சு, அதில நாலு எழுதியாச்சாம், என்றாள். அவர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார், இன்னொரு முறையும் கழித்துப் பார்த்தார். மீதி ஒன்று.